வெறும் பெட்டியாகக் கொடுக்கக் கூடாது

காலையிலிருந்து என் மேஜைமேல் நேந்திரங்காய் வறுவல், உன் கடை உப்பேரிப் பொட்டலம் ஒன்று கிடக்கிறது. வாங்கிக்கொண்டவனே திருப்பி வைத்துவிட்டுப் போன பொட்டலம். சாலைக் கடைவீதியில் நம் இரண்டு கடைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தானே. உன் வீட்டுக்காரி எண்ணெயை அடுப்பில் ஏற்றினால், ஏத்தங்காய் வேகிற வாசம் என் கடைப் பயணப் பெட்டிகளுக்குள்ளெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனை வருஷமாக அது என் மூக்குக்கு உறைத்ததில்லை. இன்றைக்கு உறைக்கிறது. நீ இருந்தபோது சுவருக்கு அந்தப்பக்கம் வந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போது காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தால் இதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பாய்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் நான் தார்ப்பாய் விரித்துத் தோள்பை விற்றேன். நீ தகர டின்னில் உப்பேரி விற்றாய். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த இரண்டு பேர், பேச்சை வைத்தே ஒருவனை ஒருவன் கண்டுபிடித்துக்கொண்டோம். முதன்முதலாக வளைகுடா போகிற ஒருவனுக்குப் பெரிய பெட்டி விற்றேன் பார், அன்றைக்கு நீ ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினாய்.

"வெறும் பெட்டியாக் குடுக்காத வே. சோத்தைத் தேடிப் போற பய. உள்ள எதையாவது போட்டுக் குடு."

ஒரு பொட்டலத்தை உள்ளே எறிந்து மூடினாய். அந்த ஆள் விடுமுறைக்குத் திரும்பி வந்து, தம்பிக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று என்னைத் தேடிப் பிடித்தான். அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் கடை எடுத்த பிறகு, வாசல் கொக்கியில் நீ சிறு பொட்டலங்களைக் கோத்துத் தொங்கவிடுவாய். பயணப் பெட்டி எது விற்றாலும் நான் கையை நீட்டி ஒன்றை உருவி உள்ளே வைத்துத்தான் கொடுப்பேன். அண்ணாச்சி கையால் பெட்டி வாங்கிப் போனவன் பத்திரமாகத் திரும்புவான் என்று பேர் பரவிற்று. "கைராசி உனக்கு, எண்ணெய்ச் செலவு எனக்கு" என்பாய். பேருக்குத்தான் முறைப்பு. பொட்டலம் குறைந்தால் நீயே நிரப்பிவிடுவாய்.

கைபேசி வந்த பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்டி வாங்குகிற பிள்ளையைக் கடைப் பலகைக்குக் கீழே நிறுத்தி, சிரிக்கச் சொல்லி ஒரு படம். அதை அச்செடுத்து உள்சுவரில் ஆணியடித்து மாட்டுவேன். சுவர் நிறைந்துபோனது. "கல்யாணத் தரகன் கடை கணக்கா இருக்கு" என்று சிரித்தாய். விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம், ஒரு பைசாச் செலவில்லாமல். எனக்கு என் சாமர்த்தியத்தில் பெருமை.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அவன் வந்தான். கழக்கூட்டம் ஐ.டி. பேட்டையில் கண்ணாடிக் கட்டடத்தில் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்ட ஏஜென்ட். தேய்த்த சட்டை, மெல்லிய பேச்சு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வருவான். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பெட்டி. "அண்ணாச்சி கையால கொடுத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்பான். புதிதாக வருகிற பிள்ளைகளையும் தகப்பன்மாரையும் என் கடையிலேயே உட்காரவைத்துச் சுவரைக் காட்டுவான். "ஆளுகளைப் பாருங்க. எல்லாம் நம்ம வழியாப் போனது." வளைகுடாவுக்குச் சொந்தமாகப் போனவர்கள் படத்தையும் சேர்த்துத்தான் காட்டினான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டு நின்றேன். அவன் பிள்ளைகளின் படங்களைக் கண்ணுக்கு நேராக மாட்டச் சொன்னான், மாட்டினேன்.

உனக்குத்தான் முதலில் பொறி தட்டியது. டீ குடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது கேட்டாய்.

"மக்கா, துபாய்க்குப் போன பய ஒவ்வொருத்தனுக்கும் பின்னாலயே அவன் அம்மை வருவா. அடுத்துப் போறவன் கையில குடுத்துவிட உப்பேரி வேணும், ஊறுகா வேணும்பா. இவன் அனுப்பின பயலுவளுக்கு ஒரு அம்மைகூட வரலையே, ஏன்?"

"புது ஊரு. அவனுவ பீட்சா தின்னுவானுவ."

"பீட்சா தின்னுத மகனுக்குத்தான் அம்மை ஊறுகா குடுத்துவிடுவா."

நான் பேச்சை மாற்றினேன். உனக்கு யாவாரம் ஆகவில்லை, அந்த எரிச்சல் என்று மனதுக்குள் நினைத்தும்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் அந்த அம்மாள் வந்தாள். கல்லாற்றில் பொன்முடி மலைக்குப் போகிறவர்களுக்குச் சாயாக்கடை வைத்திருக்கிறவள், பாதி மலையாளமும் பாதி நம் பேச்சுமாகப் பேசுவாள். மகனுக்கு ஒரு டின் உப்பேரி கட்டச் சொன்னாள். அடுத்த கூட்டத்தோடு கொடுத்துவிடலாம் என்று ஏஜென்டிடம் கேட்டால், எடை கூடிவிடும் என்று தட்டிக்கழிக்கிறானாம். உன் ஸ்டூலில் உட்கார்ந்து போனை நீட்டினாள். மகனிடமிருந்து மெசேஜ் மட்டும் வருகிறது, குரல் வருவதில்லை. நலம், சாப்பிட்டேன், வேலை அதிகம். "அம்மே-ன்னு ஒரு விளிகூட இல்ல சேட்டா, நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். சுவருக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்டது.

நீ அவளிடம் ஒரே ஒரு கேள்வியை அனுப்பச் சொன்னாய். பெட்டி வாங்கினபோது கடைக்காரர் சும்மா என்ன கொடுத்தார்? அவள் அனுப்பினாள். நீ கொதிக்கிற எண்ணெயை விட்டுவிட்டு நின்றாய். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: பூட்டு.

என்னிடம் பெட்டி வாங்கின எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்ல மாட்டான். நான் யாருக்கும் சும்மா பூட்டு கொடுத்ததே கிடையாது. வேறு யாரோ அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அம்மாவுக்குப் பதில் எழுதுகிறான். அந்தப் பதிலோடு நீ என் கடைக்குள் வந்தாய்.

"சுவர்ல இருக்க படத்தை எல்லாம் எடு. நாளைக்கு இவளைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போவோம். அவனைத் தெரிஞ்ச ஆளு நீதான், நீ சொன்னா எடுபடும்."

"நமக்கு எதுக்கு வே கேஸு? பெட்டி விக்கிறவன் பெட்டியைப் பத்தித்தான் பேசணும். இந்தச் சங்கதி வெளிய போனா, நாளைக்கு எவன் என்கிட்ட வாங்குவான்?"

கைராசி போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் நீ கடையைச் சாத்திவிட்டு அந்த அம்மாளோடு ஸ்டேஷனுக்குப் போனாய். நீ போன பிறகு ஏஜென்ட் வந்தான், எட்டுப் பிள்ளைகளோடு. அன்றைக்கே விமானம் என்றான். "சரக்கு இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்களில் ஒருவனையாவது தனியே கூப்பிட்டுக் காதில் போட்டிருக்கலாம். நான் எட்டுப் பெட்டிகளை இறக்கினேன். பூட்டிக் கிடந்த உன் கடை வாசலில் கையை நீட்டி, கொக்கியிலிருந்து பொட்டலங்களை உருவினேன். உள்ளே வைத்து மூடிக் கொடுத்தேன். வரிசையாக நிறுத்திப் படமும் எடுத்தேன்.

நீ சாயங்காலம் திரும்பி வந்தாய். போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தவன் வெறும் கொக்கியைப் பார்த்தாய்.

"பொட்டலம் எங்க?"

நான் பெட்டிகள் காலியான தட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"எத்தனை பேரு?"

சொன்னேன். ஆட்டோவைக் கூப்பிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினாய். அவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். திரும்பி வந்து, வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க, ஏஜென்ட் அனுப்பினவர்கள் படங்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து கழற்றினாய். என் போனைப் பிடுங்கி அன்றைய படத்தையும் உன் போனுக்கு அனுப்பிக்கொண்டாய். என்னோடு நீ பேசின கடைசிப் பேச்சு அன்றைக்குத்தான்.

"என் பொட்டலத்தையும் போட்டுல்லா அனுப்பியிருக்க."

அந்தப் படங்களை வைத்துத்தான் போலீஸ்காரர்கள் வீடு வீடாகத் தேடினார்கள். எல்லா வீட்டிலும் அதே மெசேஜ், அதே வாசகம். ஏஜென்ட் பிடிபட்டான். தாய்லாந்து என்று போன பிள்ளைகள் எல்லை தாண்டி ஏதோ ஒரு காட்டுப் பக்கம் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊர் ஊராக ஜனங்களுக்குப் போன் போட்டு ஏமாற்றிப் பணம் பிடுங்குகிற வேலையை அடித்துச் செய்யவைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பேப்பரில் வரும்போது நீ இல்லை. ஏத்தங்காய் சீவிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். நான் கடையடைத்து, முன்வரிசையில் நின்று, உன்னைத் தூக்கினேன். உயிர் சிநேகிதன் என்று எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். மாதக்கணக்கில் பேச்சில்லை என்பது உன் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னமும் கொக்கியில் பொட்டலம் தொங்கவிடுகிறாள். என்னை மட்டும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். கல்லாறு அம்மாளின் மகன் வந்துவிட்டான். அந்த எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன்தான் இன்று காலை என் கடைக்குள் நுழைந்தான். இளைத்துப்போயிருந்தாலும் முகம் தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒரு ஆபீஸ் பேக் வேணும். கழக்கூட்டத்துல ஜோலி கிடைச்சிருக்கு. அண்ணாச்சி கடையிலயே வாங்குன்னு அம்மை சொல்லிச்சு. நாங்க எட்டுப் பேரும் உசிரோட வந்தது அண்ணாச்சி கைராசியாம்."

வழக்கத்தில் என் கை தானாகப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்தது. அதைப் பார்த்து அவன் லேசாகச் சிரித்தான். போய் இறங்கினதும் பாஸ்போர்ட், போன், பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்களாம். இதை மட்டும் விட்டுவிட்டார்களாம். எட்டுப் பேரும் ஒவ்வொரு துண்டாக வைத்துத் தின்றார்களாம். "அங்க வீட்டு ருசின்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாமர்த்தியமான வியாபாரி அப்படித்தான் இருப்பான். ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் உன் வீட்டுக்காரி ஏத்தங்காய் சீவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ பெட்டி வாங்கின அன்னைக்கே எனக்குத் தெரியும் மக்கா."

"எது?"

"அந்த ஆளு சரியில்லை, போனவங்க மாட்டிக்கிட்டாங்கன்னு."

அவன் சத்தம் போடாமல் கேட்டான்.

"தெரிஞ்சுக்கிட்டுதான் என்னைச் சிரிக்கச் சொன்னீங்களா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை வாயால் மடக்கியிருக்கிறேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் பைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். பையையும் வைத்துவிட்டான். சுவரில் நீ படம் கழற்றிய இடத்தைப் பார்த்து, யார் கழற்றினது என்று கேட்டான். உன்னைச் சொன்னேன், பக்கத்துக் கடை என்றேன். இறங்கிப் போய் உன் கடை வாசலில் நின்றான். உன் வீட்டுக்காரியிடம் நெடுநேரம் ஏதோ பேசினான். காசு கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனான்.

இப்போதெல்லாம் பெட்டி கேட்டு வருகிற பிள்ளைகளிடம் உன் கேள்வியைத்தான் கேட்கிறேன். உனக்கு முன்னால் அந்த ஆள் வழியாகப் போனவனின் அம்மாவிடம் பேசினாயா? மகன் குரலை அவள் கேட்டாளா? சிலர் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. உன் வேலையை நீ போன பிறகு நான் செய்கிறேன், அவ்வளவுதான்.

படம் போனாலும் ஆணிகள் சுவரில் அப்படியே நிற்கின்றன. அது என்ன என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பழைய காலண்டர் மாட்டினது என்று இதுவரை சொல்லிவந்தேன். நாளைக்கு யாராவது கேட்டால் அந்தப் பதிலைச் சொல்ல மாட்டேன்.