மதகின் ஒரே கைப்பிடி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே மேற்குக்கரை வயலுக்கும் கிழக்குக்கரை நகரத்தின் குடத்துக்கும் இந்த ஆறுதான் கதி. அதனால் மதகு திறக்கும் என்மேல் இரு கரைக்கும் எப்போதும் எரிச்சல்.

செவ்வாயன்று இரண்டு கூட்டமும் கடப்பாரையோடு வந்து மோதிக்கொண்டன. படிக்கட்டெல்லாம் ரத்தம்.

"தெறடா!" என்றது மேற்கு.

"தெறந்தே, கைய ஒடிச்சிருவோம்!" என்றது கிழக்கு.

நான் மதகைத் திருகும் ஒரே கைப்பிடியைக் கழற்றி ஆற்றில் வீசிவிட்டேன். அப்புறம் பார்க்கணுமே, இரு கரையும் அன்றுதான் ஒற்றுமையாயின, என்னை அடிக்க! சின்னச் சிராய்ப்புதான், பயப்படாதே.

தலைவழியே மாட்டும் சட்டை நாலு அனுப்பு. பொத்தான் போட்டுவிட இங்கே யாருமில்லை. கட்டு மாற்ற நர்ஸ் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

உன் மூத்தவன்
(இடது கையால்)