தழைநாட்டின் நாற்பத்தோராம் சட்டத்தை மீட்டுத் தரக் கோரி

அனுப்புநர்
ப. அர்ஜுனன் (வயது 47),
த/பெ. பச்சையப்பன்,
மனு எழுதுபவர்,
அடி அண்ணாமலை கிராமம்,
திருவண்ணாமலை வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: காலமான என் மகள் மதிவதனி எழுதிய நோட்டுப் புத்தகம் காவல் துறையினரால் எடுத்துச் செல்லப்பட்டது – போகிக்கு முன் மீட்டுத் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாவட்டம் பிரிந்த நாள் முதல் தங்கள் அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் தட்டச்சு இயந்திரம் வைத்துப் பிழைத்து வருகிறேன். பட்டா, பாதை, ஓய்வூதியம் என்று தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பாதி என் கையால் அடித்தவை. வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "அழுவறத வெளிய வெச்சுட்டு வாங்க. தேதிய மட்டும் சொல்லுங்க." இன்று எனக்கு நானே எழுத உட்கார்ந்து நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. ஆகவே இதில் முறை தவறி ஏதேனும் வந்தால் பொறுத்தருளவும்.

1. மதிவதனி எங்களுக்கு ஒரே பிள்ளை. 1989இல் பிறந்தவள். பத்து வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. வாரம் இரண்டு முறை பஸ் பிடித்து வேலூர் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்புவோம். 28.11.2002 அன்று காலை பதினோரு மணிக்குக் காலமானாள்.

2. கிரிவலப் பாதையில் வாடகைக்கு இருந்த ஜெர்மனி தேசத்து அம்மையார் ஒருவர் அவளுக்கு ஒரு படப் புத்தகம் கொடுத்தார். காட்டுக்குள் அரசாளும், காது கூர்மையான மனிதர்களைப் பற்றியது. எல்ஃப் என்பார்களாம். மதி அவர்களுக்குக் கூர்ங்காதர் என்றும், அவர்கள் காட்டுக்குத் தழைநாடு என்றும் பெயர் வைத்தாள். படத்தில் அரண்மனை இருந்தது, வெள்ளைக் குதிரை இருந்தது, சட்டம் மட்டும் இல்லை. "சட்டம் இல்லாம நாடு எப்டிப்பா நடக்கும்?" என்று கேட்டுவிட்டு, நீல அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்றில் தானே எழுதத் தொடங்கினாள். என் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள் ஆனதால் எல்லாம் அரசாணை நடையிலேயே வந்தது. நாள், எண், பார்வை, ஆணை, எதையும் விடவில்லை. உருளைக்கிழங்கில் இலை செதுக்கி, என் மைப்பெட்டியில் தொட்டுப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையும் குத்தினாள். நான் ஒருநாளும் தடுக்கவில்லை. பெருமைப்பட்டேன்.

3. காவல் துறையின் குற்றச்சாட்டே அந்த அரசின் மீது என்பதால் தாங்கள் அதன் அமைப்பை அறிவது அவசியம். தழைநாட்டுக்கு ஓர் அரசி. மழைக்காலந்தோறும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுவாள். நாட்டில் ஒருவர் நோயில் படுத்திருந்தாலும் அவள் அரியணையில் உட்காரக் கூடாது, நின்றுகொண்டேதான் ஆள வேண்டும் (சட்டம் 2). ஒரு மரத்தை வெட்ட, அதன் நிழலில் ஒருநாளாவது இருந்தவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், எறும்பு உட்பட (சட்டம் 5). அணில் மரத்தைவிட்டு இறங்கும் நேரத்துக்கு மேல் யாரையும் வரிசையில் நிற்க வைக்கக் கூடாது (சட்டம் 8). அழுதுகொண்டே கொடுக்கப்படும் மனுவை முதலில் எடுக்க வேண்டும் (சட்டம் 12). இந்தப் பன்னிரண்டாவது எனக்காகப் போட்டது என்று தெரியும். வேலூர் பஸ்ஸில் அவள் அதை உரக்கப் படித்தபோது முன்சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இப்படி நாற்பது சட்டங்கள் வரை அவள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

4. 19.11.2003 அன்று பகல் இரண்டு மணிக்குக் காவலர்கள் ஐவர் என் வீட்டுக்கு வந்தனர். மலைக்காட்டில் யாரோ ஆயுதத்தோடு திரிவதாகத் தகவல், மலைக்கிராமத்தாருக்கு நீ எழுதிக் கொடுத்த மனுக்களின் நகலை எடு என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த நோட்டையும் அவர்களே எடுத்தார்கள். ஆய்வாளர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இன்னாய்யா, தனி கவர்மென்ட்டு நடத்துறியா? சீலு கூட கீது?" என்றார். நிலையத்தின் பெயரையும் அவர் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எனக்கு வம்பு வேண்டாம், நோட்டு வேண்டும்.

5. நோட்டோடு என்னையும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் சிவப்பு மையில் கோடிட்டவை இரண்டு. "பௌர்ணமி இரவில் தழைநாட்டார் அனைவரும் மலைக்குப் பின்புறம் கூட வேண்டும்" (சட்டம் 17). "ஆயுதத்துடன் எல்லைக்கு வருவோர் அதை ஒப்படைத்து, ஒரு பழம் பெற்றுக்கொண்டு உள்ளே செல்லலாம்" (சட்டம் 23). பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் இந்த மலையைச் சுற்றுகிறார்கள், நீங்கள்தானே பந்தோபஸ்து நிற்கிறீர்கள் என்றேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பழத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

6. அமைச்சரவைப் பட்டியலில் "ஊசித்துறை – ஜோதியம்மாள்" என்று இருந்தது. இவர் வேலூர் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டும் ஆயா. ஊசி குத்தும்போதெல்லாம் மதியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வார், அதற்காகக் கொடுத்த பதவி. மறுநாள் அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அறுபது வயது அம்மாள், சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஐயோ, நான் இன்னாங்க பண்ணேன்? ஊசிலாம் நர்சம்மா போடுவாங்க, நான் தரையதான் தொடைப்பேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். நான் மந்திரியா ஆனது எனக்கே தெரியாதேப்பா என்று என்னைப் பார்த்து அழுதார்.

7. இரண்டாம் நாள் மதியம் ஆய்வாளர் என்னை எதிரே நிற்க வைத்துக்கொண்டு நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கடைசிப் பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, காவலரிடம் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அதில் என்ன இருந்தது ஐயா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய்யா" என்றார். நோட்டைக் கேட்டேன், மேலே கேட்டுவிட்டுத்தான் தர முடியும் என்றார். ஜோதியம்மாளையும் என்னையும் சேர்த்தே அனுப்பினார்கள். டிசம்பரில் அந்த ஆய்வாளர் மாறுதலாகிப் போய்விட்டார்.

8. வழக்கு ஏதும் பதியப்படவில்லை. வழக்கு இல்லாததால் நோட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை, பட்டியலில் இல்லாத பொருளைத் திருப்பித் தர வழியில்லை என்கிறார்கள். மூன்று மனுக்கள் கொடுத்துவிட்டேன். இதே பதிலை எத்தனையோ பேர் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள், அடுத்த மனு போடலாம் வாங்க என்று நான் சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நிலையத்தில் பழைய காகிதங்களை மூட்டை கட்டி வைத்திருப்பதாகவும், போகியன்று பின்புறம் போட்டுக் கொளுத்தப்போவதாகவும் ஒரு காவலர் இரக்கப்பட்டுச் சொன்னார். தமிழ்ப் பாட நோட்டு போல நீல அட்டை போட்டது ஒன்று அந்த மூட்டையில் இருப்பதையும் அவர் பார்த்திருக்கிறார்.

9. ஐயா, இதை எழுதத்தான் நான்கு தாள் கிழித்தேன். காலமாவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை, மதி மரத்தடியில் என் பக்கத்தில் இருந்தாள். மனு நாள், கூட்டம் ஜாஸ்தி. "கூர்ங்காதர்லாம் சாவவே மாட்டாங்களாம்ப்பா, புக்குல போட்டுக்குது. அப்போ சாவறவங்க அந்த நாட்டுல இன்னா பண்றது?" என்று கேட்டாள். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கும் ஒரு சட்டம் போட்டுக்க, போ" என்றேன். வேறொருவரின் வாய்க்கால் தகராறை அடித்துக்கொண்டிருந்தேன். பாவி, என் குழந்தை என்ன கேட்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைசி வாரம் வார்டில் படுத்தபடி எழுதினாள். "நாப்பத்தொண்ணு முடிச்சிட்டேன்ப்பா. அது உனக்குதான். இப்போ படிக்காத" என்றாள். சரி என்றேன்.

அவள் போன பிறகும் நான் படிக்கவில்லை. நோட்டைத் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். என் மனைவி உண்ணாமலைக்கு எழுத்து தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் அட்டையைத் துடைத்து வைத்து, "படியேன்யா, எம்பொண்ணு இன்னாதான் சொல்லிக்குறா?" என்பாள். வருஷ தெவசத்தன்று படிக்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். தெவசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போலீஸ் வந்துவிட்டது. இன்றைக்கு அந்தச் சட்டத்தைப் படித்தவர் உலகத்தில் ஒரே ஒருவர், அந்த ஆய்வாளர். ஒரே மதியத்தில் படித்த அவருக்குத் தெரிந்தது, ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்த எனக்குத் தெரியாது. உண்ணாமலை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள்மேல் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து போகிக்கு முன் அந்த மூட்டையைப் பிரிக்க உத்தரவிட வேண்டும். நோட்டைத் தர விதியில் இடமில்லை என்றால், நிலையத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தெழுதிக்கொள்ள அனுமதி தாருங்கள். அதுவும் முடியாதென்றால் முதல் நாற்பதையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நாற்பத்தோராவதை மட்டும் ஒரு தாளில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். அது என் பெயருக்குப் போட்ட சட்டம். அதில் என்னை என்ன செய்யச் சொல்லியிருக்கிறாள் என்று தெரியாது. பதின்மூன்று மாதமாக அதை மீறிக்கொண்டேதான் உயிரோடிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, வழக்கமான மரத்தடியிலேயே இருப்பேன்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 05.01.2004

இப்படிக்கு,
ப. அர்ஜுனன்
அ. உண்ணாமலை (இடது பெருவிரல் ரேகை)

இணைப்பு:
1. இறப்புச் சான்றிதழ் நகல்.
2. முந்தைய மனுக்களின் நகல்கள் – மூன்று.
3. நோட்டை அடையாளம் காண, மதிவதனியின் கையெழுத்து மாதிரி: ஐந்தாம் வகுப்பு ஆசிரியைக்கு எழுதிய விடுப்பு விண்ணப்பம். அசல். பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும்.