அவரைக்குப் போகும் தண்ணீர்

தம்பிக்கு,

உன் வாசலுக்கு வர மனமில்லை, அதனால் எழுதுகிறேன்.

எஸ்டேட் தண்ணீருக்கு நீ சூப்பர்வைசர் ஆனதில் எனக்குப் பெருமைதான். மூணாற்றில் மழை இல்லை என்பது எனக்கும் தெரியும். தொழிலாளிகள் நாங்கள் இருக்கும் லைன் வீட்டுத் தோட்டங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கூடாது என்று நீ சொன்னதை நான் மீறவில்லை.

என் அவரைப் பந்தலுக்குப் போன ஓஸ் பைப்பை எல்லாப் பெண்களும் பார்க்கக் கத்தியால் அறுத்தாய். "அக்கான்னு விட்டா நாளைக்கு எல்லாரும் போடுவாக" என்றாய். அதன் மறுமுனை எங்கே இருக்கிறது என்று பார்த்தாயா? குளியலறைச் சாக்கடையில் இருந்தது. நாங்கள் குளித்த தண்ணீர்தான் அவரைக்குப் போனது. மேலே மேனேஜர் பங்களாப் புல்லுக்கு இன்றும் நல்ல தண்ணீர் சுற்றிச் சுற்றி அடிக்கிறது.

போகட்டும். என் மகள் பெரியவளாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். தாய்மாமன் வீட்டார் முதல் குடம் ஊற்றாமல் அவளை வீட்டுக்குள் அழைக்க முடியாது. சீர் எதுவும் வேண்டாம்; உன் பெண்டாட்டியோடு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வா.

அறுந்த பைப்பைத் துணி சுற்றிக் கட்டிவிட்டேன். அவள் தலையில் ஊற்றும் தண்ணீரும் அவரைக்குத்தான் போகும்.

வரும்போது கத்தியை மறந்துவிடாதே.

உன் அக்கா