குழாயை எடுத்த பிறகு

இன்று காலை வார்டில் புதுச் சுவாசக் குழாய் ஒன்றின் உறையைப் பிரித்தேன். அந்தப் பிளாஸ்டிக் வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் மூக்கருகே கொண்டுபோய், "ஸ்கூல் திறக்குற வாசம் லா" என்றிருப்பாய். அந்தப் பைத்தியக்காரத்தனத்தை இங்கே இப்போது யாரும் செய்வதில்லை. நான் குழாயைப் பொருத்திவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

நாம் பார்ப்பது என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் புரிந்ததில்லை. நர்ஸ் என்பார்கள், இல்லாவிட்டால் டாக்டருக்கு ஒரு படி கீழே என்பார்கள். "மூச்சு மிஷின் பாக்குற பிள்ளைங்க" என்று உன் அம்மா சொன்னதுதான் சரி. மூச்சு விட முடியாதவருக்கு மிஷினைப் பொருத்துவோம். தேறினால் கழற்றுவோம். இனித் தேறாது என்று முடிவானாலும் நாம்தான் கழற்றவேண்டும்.

டிப்ளோமா இருந்தது, பதிவு இருந்தது, நல்ல பேரும் இருந்தது. இதற்கு மேல் என்ன படிப்பு என்று நான் சும்மா இருந்தேன். உனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் இருக்கும் சுவாச சிகிச்சையாளர்களுக்கென்று கோலாலம்பூரில் முதுகலை வகுப்பு தொடங்கியதும் என்னையும் இழுத்தாய். மறுத்தேன். "அதானே, உங்க தாத்தா தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுன கிராணி. நாற்காலி ஏற்கெனவே வீட்டுல இருக்கு. எங்க தாத்தா ரப்பர் மரம் சீவினவருடி, நாங்கதான் தேடிப் போகணும்" என்றாய். தோட்டத்துக் கணக்கை வைத்து என்னை வம்புக்கு இழுப்பதில் உனக்கு அலுத்ததே இல்லை.

அந்தப் படிப்பில் நிர்வாகம், கற்பித்தல், ஆய்வு என்று பாதைகள் பிரிந்தன. நிர்வாகத்தை எடுத்தால் நாளைக்கு இந்த யூனிட்டே உன் பொறுப்பில் வரும் என்று மேலதிகாரி ஆசை காட்டினார். நீ ஆய்வை எடுத்தாய். ஏன் என்று எனக்குத் தெரியும். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெரியவர்தான் காரணம். மிஷினை நிறுத்தப்போகிறோம் என்று சொன்னதும் அவர் மகன் ஃப்ளாஸ்கில் பால் கொண்டுவந்தார். போகிற உயிருக்கு வாயில் பால் விடவேண்டும். ஆனால் வாயில் குழாய் இருந்தது. முடியாது என்றார்கள். குழாயை எடுத்த பிறகு விடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்த மகன் நடைபாதையில் இருந்த சிங்க்கில் பாலைக் கொட்டிவிட்டு, ஃப்ளாஸ்கைக் கழுவிக்கொண்டு போனார். நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று நீ மத்தியானம் சாப்பிடவில்லை.

குழாயை எடுக்கும்போது குடும்பத்தாருக்கு என்ன வேண்டியிருக்கிறது, நாம் என்ன சொல்கிறோம் என்பதுதான் உன் ஆய்வு. இது மதம் சம்பந்தப்பட்ட விஷயம், இதில் சுவாச சிகிச்சை எங்கே இருக்கிறது என்று உன் பேராசிரியர் திருப்பித் திருப்பி அனுப்பினார். "கடைசி மூச்சு இருக்கே சார்" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் பெருமையடித்துக்கொண்டாய். எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்தாய். சனிக்கிழமைகளில் நீ ரயிலேறி வகுப்புக்குப் போக, உன் வேலையை நான் பார்த்தேன்.

குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேச ஆரம்பித்தாய். கார் ஓட்ட நான். மம்பாவில் ஒரு வீட்டில், கணவரை இழந்த அம்மாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள், கேள்வியின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாய். வீட்டார் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நான் கவனித்ததை நீயும் பார்த்துவிட்டாய். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாதவர்களுக்கு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா?

காரில் ஏறியதும், "சொல்லாதே லா, எனக்கே தெரியும்" என்றாய். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய். மருந்தால் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். உன் ஸ்கேன் படத்தை டாக்டருக்கு முன்பே நீ படித்துவிட்டாய். இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று அன்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தெரியாதவர்களுக்காவது கொஞ்ச நாள் நம்பிக்கை மிஞ்சும்.

நோய் முற்றி உன்னை மிஷினில் போடுவதற்கு முன்னால், ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்தாய். "இது ஏறினா இறங்காது. எடுக்கும்போது நீதான் எடுக்கணும். அம்மா பாலோட வருவாங்க, யாரும் தடுக்கக் கூடாது." இதைச் சொல்ல எத்தனை முறை நிறுத்தினாய். போடி, நீயே நடந்து வீட்டுக்குப் போவாய் என்று சொல்ல நினைத்தேன். உன்னிடம் பொய் சொல்ல முடியாது என்பதால் தலையாட்டினேன்.

இனித் தேறாது என்று முடிவாகி, ஒரு மத்தியானம் குழாயை நான்தான் எடுத்தேன். வலி தெரியாமல் இருக்க மருந்து போயிருந்தது. உன் வாயைத் துடைத்து, தலையை உயர்த்தி வைத்துவிட்டு, உன் அம்மாவைக் கூப்பிட்டேன். பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார் அவர். அது உதட்டோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. "உள்ள போச்சா, பிள்ள?" என்று கேட்டார். உன் தொண்டை அசையவில்லை. அதைப் பார்க்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

"போச்சும்மா" என்றேன்.

இப்போது அந்த வகுப்பில் நான் இருக்கிறேன். ஆமாம், சிரி. கிராணி பேத்தி கடைசியில் ரயில் ஏறிவிட்டாள். நீ முடிக்காமல் விட்ட கேள்வியையே எடுத்திருக்கிறேன், பேராசிரியரும் அவரேதான். இந்த முறை தகராறு செய்யவில்லை. நேர்முகத் தேர்வில், இத்தனை வருட வேலைக்குப் பிறகு உங்களுக்குத் தெரியாதது என்ன என்று கேட்டார்கள். குழாயை எடுக்கத் தெரியும், பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாது என்றேன். சேர்த்துக்கொண்டார்கள்.

ஆய்வில் பொய் கூடாது, கேட்டதையும் நடந்ததையும் அப்படியே எழுதவேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். நானும் குறித்துக்கொண்டேன்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன், சும்மா பார்த்துவிட்டு வர. உன் அம்மா விடவில்லை. "ஊரெல்லாம் கேக்குறியே, என்கிட்ட கேக்க மாட்டியா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரெக்கார்டரை ஓடவிட்டு, கேட்கவேண்டியதைக் கேட்டேன். அவர் அழவில்லை. ரெக்கார்டருக்குக் கேட்கட்டும் என்று குனிந்து, உரக்கச் சொன்னார். "என் மக பால் குடிச்சிட்டுத்தான் போனா. வெறும் வாயோட போகல. அது போதும் எனக்கு. இந்தப் பிள்ளதான் பக்கத்துல நின்னுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. நீ பாத்தேல்ல?"

ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தேம்மா" என்றேன். உன் ஆய்வில் இப்போது என் குரலும் இருக்கிறது.