மூன்று விரலில் ஒன்று

மார்ச் 4, செவ்வாய்
காலையில் மழை, பிறகு வெயில், பிறகு காற்று. உடுப்பு காயவில்லை.
வாங்க வேண்டியவை: பால், பான்ஜோக் கம்பி, ரவிக்கு இருமல் மருந்து.
வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு ஆரம்பம். என் பெயரில் முதல் அல்பம். பாட்டு இல்லை, பக்கவாத்தியம் இல்லை, பான்ஜோ மட்டும். இத்தனை வருடம் புளூகிராஸ் நாட்டுப்புற இசைக் குழுவில் பிடிலுக்குப் பின்னால் நின்று வாசித்தவள். நான் பிழை விட்டால் பிடில் சத்தம் மூடிவிடும். இனி மூட ஆளில்லை.
இந்த இசைக்கு வேகம்தான் உயிர். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மூன்றும் மாறி மாறி ஓட வேண்டும். இன்றும் நடுவிரல் உள்ளே சுருண்டது. வலி இல்லை. நான் மடக்கவில்லை. தானாக.
குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது குளிரும் இல்லை.

மார்ச் 5, புதன்
வெங்காயம் வெட்டினேன், சரி. சட்டைப் பொத்தான், சரி. ஒஃபிசில் கீபோர்ட், சரி. பான்ஜோவைத் தொட்டால் மட்டும் சுருள்கிறது. கை பழுதென்றால் எல்லாவற்றிலும் பழுதாக வேண்டாமா? அதுதான் பயம்.
குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரவி: "என்னப்பா, ஒரே இடத்திலயே நிக்குது?"
"புது மெட்டு," என்றேன். கணவரிடம் முழுப்பொய்.
நரம்பு டொக்டரிடம் அடுத்த செவ்வாய் இடம் கிடைத்தது. யாரோ ரத்துச் செய்துவிட்டார்களாம்.

மார்ச் 7, வெள்ளி
த பேசின் என்ற ஊரில் மலையடிவார வீடு, கராஜை ஸ்டூடியோவாக்கியிருக்கிறார் கிரெக். ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் அவரே. வெளியே கொக்கட்டூக் கிளிகள் கத்தக் கத்த நிறுத்தி நிறுத்தி.
மெதுவான உருப்படி நன்றாக வந்தது. வேகமானதில் பாதியில் விரல் போய்விட்டது.
"வன் மோர்?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரெக்.
மறுபடியும் போனது. மறுபடியும். கம்பி சரியில்லை என்றேன். பாவம், மனிதர் கம்பியை மாற்றித் தந்தார். அதன் பிறகும் அதேதான். ஹெட்போனில் என் மூச்சு எனக்கே கேட்டது, ஓடி வந்த ஆள் மாதிரி.
காரில் ஏறிச் சும்மா இருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
பிள்ளையார் கோயில். சாப்பாட்டு வரிசையில் பூமணி அன்ரி.
"சீடி விடுறியாம். ஆர் பாடுறது?"
"ஒருத்தரும் பாடேல்லை அன்ரி. வாத்தியம் மட்டும்."
"அப்ப நீ பிழை விட்டாலும் எங்களுக்குத் தெரியாது. பயப்பிடாதை!"
சிரித்தார். நானும் சிரித்தேன். கும்பிட்டபோது சாமியைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்
டொக்டர் இளம்பெண். பான்ஜோவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அவர் முன்னாலேயே சுருண்டது. கையில் பழுதில்லையாம். அந்த அசைவை மூளை குழப்பிக்கொள்கிறதாம். வாத்தியக்காரருக்கு வருவதாம்.
"பழையபடி வருமா?"
"சிலருக்கு வரும். சத்தியம் பண்ண ஏலாது." யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.
ஊசி உண்டு, பயிற்சி உண்டு. வேகமாக வாசிப்பதை நிறுத்த வேண்டும்.
கார் பார்க்கில் ரவியிடம் எல்லாம் சொன்னேன்.
"எப்ப துவங்கினது?"
"போன விண்டர்."
"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."
சொன்னால் உண்மையாகிவிடும் என்று இருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்
கிரெக்கிடமும் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். நிறுத்திவிடலாமா என்று கேட்டார். ஓம், நிறுத்துவம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கம்பியை மீட்ட நடுவிரலில் மாட்டியிருந்த உலோக நகத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு விரலில் வாசிக்கிறேன், பதியுங்கள் என்றேன்.
வேகம் பாதி. நடுவிரலின் சுரம் விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நிற்காமல் கடைசிவரை போனேன்.
முடிந்ததும் கிரெக் பதிவைச் சேமித்துவிட்டு, அனுப்பிவைக்கிறேன் என்றார். நல்லதா கெட்டதா என்று கேட்கத் துணிவில்லை.

மார்ச் 16, ஞாயிறு
வெயில். மல்கிரேவில் சாமான் வாங்கிவிட்டு வரும் வழி. ரவி ஓட்டினார். கிரெக் அனுப்பிய பதிவை ஒன்றும் சொல்லாமல் போட்டேன். கேட்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிக்னலில் நின்றபோது ரவி, "இது ஆர் வாசிக்கிறது?"
என் வாசிப்பைத் தினமும் கேட்கிற மனிதர்.
"நான்தான்."
பச்சை விழுந்தது. அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன்.
"இன்னொருக்காப் போடும்," என்றார்.