அரவிந்தனின் நோட்டு

மணலூர்
ஐப்பசி 18

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், டெல்லியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன புதன்கிழமை எதிர்வீட்டு வைரக்கண்ணு வந்து, ஒங்க பொண்ணு எழுதுனத என் புள்ள திருடிட்டான்னு காலேஜ்ல சொல்றாங்கக்கா, அவன் அப்படிப்பட்டவனா என்று அழுதாள். அரவிந்தன் கொடுத்த ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்களாம். அட்டவணையும் வரியும் போன வருடம் வந்த உன் கட்டுரையில் இருப்பது மாதிரியே இருந்ததாம், பட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மூன்று கோடை வெயிலில் கடைமடை முழுக்க ஒவ்வொரு போர்வெல் தண்ணீரிலும் உப்பு அளந்து அவன் எழுதிய நோட்டிலிருந்து வந்தவை அவை. அந்த நோட்டைப் பார்க்கணும்மா என்று நீ கேட்டதால், அவனிடம் வாங்கிப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவள் நான். வைரக்கண்ணு முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அரவிந்தனிடம் போய்க் கேட்டேன். நிலாவுக்குத் தெரியும் அத்தை, அதுவே சொல்லட்டும் என்றான். ஒரு மாதமாக உனக்காக வாயைத் திறக்காமல், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான். உன்னைப் போனில் கேட்டதற்கு, அச்சுல வராத நோட்டை எப்படிம்மா மேற்கோள் காட்டறது என்றாய். எடுத்து எழுத மட்டும் தெரிந்ததா? கட்டுரைக் கடைசியில் நாலு பக்கம், நீ முகம் பார்க்காதவர்கள் பெயரெல்லாம் வருடத்தோடு, பக்க எண்ணோடு இருக்கிறதாம். இவன் பெயருக்கு ஒரு வரி இல்லையா? உன்னோடு ஒரே பஸ்ஸில் படிக்கப் போனவன்.

வெள்ளிக்கிழமை அவன் காலேஜுக்குப் போனேன். அவனுடைய கைடு நிலோஃபர் மேடத்திடம் போனைக் கொடுத்து, அனுப்பிய தேதியோடு எல்லாப் படத்தையும் காட்டினேன். ஒங்க பொண்ணு ஆராய்ச்சிப் படிப்பே போயிடலாம்மா, யோசிச்சுக்குங்க என்றார். யோசித்துத்தான் வந்தேன் என்று சொல்லி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெத்தவ செய்யற காரியமா என்று அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் காலேஜிலிருந்து உன் பேராசிரியருக்கு எழுதுவார்கள். அதற்குமுன் நீயே சொல்லிவிடு. அரவிந்தனுக்கும் எழுது, சாக்குச் சொல்லாமல் எழுது. வேளைக்குச் சாப்பிடு, குளிர் வந்துவிடும், போர்வை வாங்கிக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் விளக்கேற்றினேன்.

வைரக்கண்ணுவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உன் அம்மா
செவ்வந்தி