வில்லுக்கு எண்ணெய் வைத்தவன்

தங்கச்சிக்கு,

மிளகு தேடியபோது பழைய டப்பாவிலிருந்து உன் குங்கிலியத் துண்டு கைக்கு வந்தது. தேன் நிறம் மாறவில்லை. மோந்து பார்த்தேன். உடனே நோட்டோடு உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம். நீ இருந்தவரை சிலேட்டைக் கண்டாலே கடலுக்கு ஓடினேன். நீ கண்ணை மூடியபின் எழுத்து வந்திருக்கிறது. ‘ழ’ போடத்தான் நேரம் பிடிக்கிறது.

அம்மா மீன் கொடுக்கப் போன வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் செல்லோ வாசிப்பதை வாசலிலேயே நின்று கேட்டவள் நீ. நம் பிள்ளைச்சாவடிக் குப்பத்தில் நாங்கள் அதைப் பெரிய பிடில் என்றோம். மதாம் உன்னை உள்ளே கூப்பிட்டு ஆறு வருடம் சொல்லிக்கொடுத்தார். வாத்தியம் அவர் வீட்டில். நம் வீட்டில் என் துடுப்பை மடியில் சாய்த்து, சுண்ணாம்புக் கோடு போட்டு விரல் பழகினாய். அந்தக் கோடுகளோடுதான் நான் கடலுக்குப் போவேன். "இன்னிக்குத் துடுப்பு என்னா பாட்டுடா?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள்.

மெட்ராஸ் வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுக்க ஒருவர் மதாம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவர் சரி என்றால் மெட்ராஸ், இல்லையென்றால் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். பழகுவதற்காக முந்தின நாள் வில்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாய். காலையில் அதன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குதிரைவால் முடி முழுக்க வெள்ளைப் பொடி. உப்புப் பூத்துவிட்டது என்று நினைத்தேன். நன்றாகத் துடைத்தேன். முடிதானே என்று அம்மாவின் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பளபளப்பாக்கி மூடிவைத்தேன்.

மதாம் வீட்டில், மெட்ராஸ்காரர் வருமுன் நீ வில்லை இழுத்துப் பார்த்தாய். சத்தமே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. வில்லை முகர்ந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். மதாம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், நல்ல வார்த்தையாக இருக்காது. அவருடைய வில்லும் முடி கொட்டிக் கிடந்தது. சாராயம் வாங்கிவா என்றார். ஓடினேன். மூன்று பேரும் சாராயத்தால் துடைத்துத் துடைத்து வெயிலில் காய வைத்து, குங்கிலியத்தைத் தேய்த்தோம். மறுபடி வெள்ளைப் பொடி. அந்தப் பொடி இருந்தால்தான் வில் கம்பியைப் பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வந்தவர் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். மதுவிலக்கு ஊர்க்காரர்.

"குடிச்சிருக்கியாம்மா?"

"நான் குடிக்கல சார், வில்லுதான் குடிச்சிருக்கு. எங்கண்ணன் அதுக்கு எண்ணெ தேச்சுட்டாரு."

அவர் சிரித்து ஓயவே நேரமாயிற்று. பிறகு வாசிக்கச் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே குந்தியிருந்தேன். முதல் இழுப்பு கரகரத்தது. அடுத்தது, பெரிய அலை உடையாமல் கரைவரை வருமே, அப்படி வந்தது.

மெட்ராஸ் பஸ் ஏறும்போது இந்தக் குங்கிலியத் துண்டை என் கையில் வைத்தாய். "வெள்ளையா எதப் பாத்தாலும் எண்ணெ வெக்காத அண்ணா."

கடைசி வரிசையில் வாசிப்பதாக ஒரு கடிதம், முன்வரிசைக்கு வந்துவிட்டதாக ஒரு கடிதம். தபால்காரர்தான் படித்துச் சொன்னார். போன வாரம் அவற்றை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் படிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. நம் குடும்ப மானத்தைக் காப்பாற்றியிருப்பார்.

‘அண்ணாவுக்கு: வில் நலம். இப்போது குடிப்பதில்லை.’

பதில் போடத் தாமதமாகிவிட்டது. இங்கே நானும் நலம். தலை முழுக்க வெளுத்துவிட்டது. எண்ணெய் வைப்பதில்லை.